சபியாவின் தூளும் ஒரு சுற்று வைனும்

பெப்ரவரி 3, செவ்வாய்

மைனஸ் பதினான்கு. லோரன்ஸ் பஸ் இருபது நிமிடம் பிந்தி வந்தது. இடது கையுறையைக் காணவில்லை. பஸ்ஸில்தான் விட்டிருப்பேன்.

மதியம் சரியான கூட்டம். ஒரே மேசையில் பதினெட்டுப் பேர், பதினெட்டுப் பேருக்கும் வேறு வேறு சாப்பாடு. முதலாளி கத்தினார். நான் திருப்பிக் கத்தவில்லை. வயது போகிறது.

மூன்று மணிக்கு ஹசன் அடுப்படிக்கு வந்து நின்றான். பாத்திரம் கழுவ வந்தவன், இப்போது மரக்கறி வெட்டுவதும் அவன்தான். சோமாலியன். பதினாலு வருடம் ஒரே குசினியில் நிற்கிறோம். என்னைவிட நாலு வயது மூத்தவன், ஆனாலும் மற்றத் தமிழ்ப் பெடியள் கூப்பிடுவதைப் பார்த்து அவனும் என்னை அண்ணை என்கிறான். நாங்கள் பேசுவது குசினி இங்கிலீஷ். இங்கே தமிழிலேயே எழுதிவிடுகிறேன். அவன் பாதித் தமிழன்தானே.

"அண்ணை, வாற புதன் எட்மன்டனுக்குப் போறன். மகளோட இருக்கப்போறன். நோன்பு தொடங்க முதல் போய்ச் சேரவேணும்."

"எப்ப திரும்பி?"

"இல்லை. ஒரேயடியா."

அடுப்பைத் துடைத்தேன். அது ஏற்கெனவே துடைத்த அடுப்பு.

பிறகு ஜாக்கெற்றுக்குள் கைவிட்டு ஒரு ஜாம் போத்தலை எடுத்தான். அடியில் இரண்டு விரல் உயரம் பழுப்புத் தூள். அவர்கள் இதை ஹவாஷ் என்பார்கள். நமக்குக் கறித்தூள் போல, மிளகாய் மட்டும் இல்லை. "சபியா அரைச்சது. இவ்வளவுதான் மிச்சம்."

சபியா அவன் மனைவி. ஒக்டோபரில் போய்விட்டா.

"எனக்குச் சமைக்கத் தெரியாது. மகளும் அப்படித்தான். நீங்கள் பாஸ்தாக்காரர். போறதுக்கு முதல் ஒருநாள் உங்கட வீட்டில சூகோ வைச்சுத் தாங்கோ. சபியா வைக்கிற மாதிரி."

சூகோ: இறைச்சியும் தக்காளியும் இந்தத் தூளும் போட்டு வற்றவிட்ட குழம்பு, ஸ்பகெற்றிக்கு மேலே. இத்தாலிக்காரர் அவர்களின் நாட்டை ஆண்டபோது விட்டுப்போன பழக்கம். எங்கள் இத்தாலியன் ரெஸ்ரோரண்டிலும் சூகோ என்றுதான் சொல்கிறோம்.

திங்கள் எங்களுக்கு லீவு. "திங்கள் வா, ஒரு மணிக்கு" என்றேன். போத்தலை வாங்கிக்கொண்டேன்.

ஹலால் இறைச்சியா என்று அவன் கேட்கவில்லை. வைன் போடுவீர்களா என்று கேட்கவில்லை. அதுதான் வீட்டுக்கு வரும்வரை உறுத்தியது.

பெப்ரவரி 4, புதன்

ஸ்னோ. சப்பாத்துக்குள் தண்ணீர்.

மனைவி வசந்தியிடம் சொன்னேன். முதல் கேள்வியே: "மாட்டிறைச்சியே? எங்கட குசினியிலயோ?"

"ஆடு போதுமாம். கேட்டிட்டன்."

"அப்ப சரி. பாவம், வரட்டும் மனுசன். சபியாவின்ர செத்தவீட்டுக்கும் நாங்கள் போகேல்லை."

போகவில்லைதான். அன்று வேலை. வேலை என்று சொன்னேன்.

ஹசனிடம் கேட்டு எழுதியது: ஆட்டுத் தொடை, சுண்டுவிரல் நகம் அளவு துண்டுகள். வெங்காயம் நிறைய. உள்ளிப் பூண்டு. தக்காளி, தக்காளிப் பசை. பச்சைக் குடமிளகாய். உருளைக்கிழங்கு "சபியா போடுவா, சில பேர் போடாயினம்". ஹவாஷ் ஒரு பங்கு வெங்காயத்தோடு, ஒரு சின்னக் கரண்டி இறக்கும்போது. கொத்தமல்லி இலை. பக்கத்தில் வாழைப்பழம், அரைத்த பச்சை மிளகாய்.

ஸ்பகெற்றி நன்றாக அவியவேண்டுமாம். "உங்கட ரெஸ்ரோரண்ட் மாதிரிக் கம்பி கம்பியா வேண்டாம் அண்ணை." இருபத்திரண்டு வருடம் ஸ்பகெற்றி அவித்தவனிடம் சொல்கிறான்! கொஞ்சம் கோபம் வந்தது. வைத்துக்கொண்டேன்.

பெப்ரவரி 5, வியாழன்

மதிய ஷிவ்ற் மட்டும். நாலரைக்கு வீட்டில்.

ஒத்திகை பார்த்தேன். சபியாவின் தூளைத் தொடவில்லை. நற்சீரகம், மல்லி, மிளகு, கறுவா, ஏலம், கராம்பு, மஞ்சள், நானே வறுத்து அரைத்தேன். வசந்தி ஒரு வாய் வைத்தா.

"நல்லாத்தான் கிடக்கு. மிளகாய்த்தூள் போடேல்லையே? சப்பெண்டு."

"போடக் கூடாது."

"அப்ப உவையள் உறைப்புக்கு என்ன செய்யிறது?"

நல்லாயிருந்தது. எனக்கே ஆச்சரியம். ஆழமான ருசி, நாக்கின் பின்பக்கம் நிற்கிற ருசி. திங்களுக்குப் பயமில்லை என்று நினைத்தேன்.

வ. வழக்கமான முறைப்பாடு: "வீட்டுக் குசினியையும் ரெஸ்ரோரண்ட் ஆக்கிப்போட்டியள்." அடுப்பைச் சுற்றி நான் வைத்திருக்கிற போத்தல் வரிசையைத்தான் சொல்கிறா. எல்லாம் ஒரே மாதிரிப் பிளாஸ்ரிக், கூர்மூக்கு, பிதுக்கினால் வரும். அங்கே எப்படியோ இங்கேயும் அப்படியே. பார்க்கத் தேவையில்லை, கை தானாகப் போகும்.

இதையும் எழுதிவிடுகிறேன். மூன்று நாளாக நெஞ்சில் நிற்கிறது.

ஹசன் வேலைக்கு வந்த முதல் கிழமை. நோன்பு மாதம். நோன்பு திறக்கிற நேரம், குசினியில் தலை தெறிக்கிற வேலை. அவன் ஒரு கோப்பையோடு வந்து பெரிய சட்டியைக் காட்டி, "அண்ணை, இந்தத் தக்காளி சூப்பில வைன் இருக்கோ?" என்றான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. "இல்லை, இல்லை, குடி" என்றேன். அவன் போன பிறகுதான் நினைவு வந்தது. காலையில் அரைப் போத்தல் ஊற்றினதே நான்தான்.

போய்ச் சொல்லியிருக்கலாம். பத்தடி தூரம். சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லாதது அடுத்த நாளும் வாயில் வரவில்லை. பிறகு ஒரு வருடம், பிறகு பதினாலு.

அவன் அந்த நாளுக்குப் பிறகு குசினிச் சாப்பாடு தொட்டதில்லை. வெள்ளி நிறச் சாப்பாட்டு ரின் ஒன்று, சபியா கட்டிக்கொடுப்பது. பின்கதவுப் பக்கம் கவிழ்த்த பால்பெட்டியில் குந்தி, தனியாகச் சாப்பிடுவான். சரியான பக்திக்காரன் என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். நானும் பண்ணியிருக்கிறேன்.

ஒக்டோபருக்குப் பிறகு பாணும் மீன் ரின்னும்.

பெப்ரவரி 6, வெள்ளி

வ. விரதம். வீட்டில் மச்சம் இல்லை. பருப்பு, கீரை, தயிர். இறைச்சி பற்றிக் கதைக்கவும் கூடாது.

ஹவாஷ் போத்தலைச் சாமியறைப் பக்கம் வைத்திருந்தா. "பத்திரமா இருக்கட்டும் எண்டுதான்."

வேலையில் ஹ. என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஏனென்று தெரியவில்லை. தெரியும்.

பெப்ரவரி 8, ஞாயிறு

நேற்று எழுதவில்லை. இரண்டு ஷிவ்ற்றும் சேர்த்து.

இன்று ஹசனின் கடைசி நாள். முதலாளி கேக் வாங்கினார், மேலே அவன் பெயரை ஒரு எழுத்துப் பிழையோடு. ஹ. கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் நன்றி சொன்னான். சாப்பிடவில்லை. கழுவின சட்டிகளை எல்லாம் ஒரு முறை அடுக்கிவைத்துவிட்டுப் போனான்.

நாளைக்கு:
இறைச்சி, லோரன்ஸில் ஹலால் கடை. வாங்கியாயிற்று. கடைக்காரரிடம் இரண்டு தரம் கேட்டேன், அவருக்கு எரிச்சல்.
புதுச் சட்டி. பழையதில் பன்றி வெந்திருக்கிறது.
புது வெட்டுப் பலகை. அதே காரணம்.
புது மரக்கரண்டி.
வாழைப்பழம் ஆறு. புள்ளி விழாதது.
பார்மசான் சீஸ் மேசையில் வைக்கக் கூடாது. பாலை உறையவைக்கப் போடுகிற பொருள் எந்த மிருகத்தின் குடலில் எடுத்தது என்று யார் கண்டது.
பன்றிக்கறி பட்ட பழைய சாப்பாட்டுக் கோப்பைகள் வேண்டாம், கண்ணாடிக் கோப்பைகள்.

எல்லாம் இரண்டு தரம் பார்த்தாயிற்று. ஒன்றும் விடுபடவில்லை.

சாப்பிட்டு முடிந்ததும் அந்தச் சூப் விஷயத்தைச் சொல்வதாக முடிவு. தேத்தண்ணி குடிக்கும்போது. வயிறு நிறைந்த மனுசன் கோபிக்க மாட்டான்.

பெப்ரவரி 9, திங்கள்

மு.ப. 9.00. மைனஸ் ஒன்பது, வெயில். நன்றாக நித்திரை கொள்ளவில்லை. வெங்காயம் ஐந்து வெட்டினேன். ரெஸ்ரோரண்டில் நிமிடத்துக்கு ஒன்று. இன்று மெல்ல.

10.40. சபியாவின் போத்தலைத் திறந்தேன். அந்த வாசம். வ. ஹோலில் இருந்து எழும்பி வந்தா. "எங்கட தூளைவிட வாசமாக் கிடக்கு" என்றா. அவ அப்படிச் சொல்வது பெரிய விஷயம். வெங்காயம் பொன்னிறம், உள்ளி, பிறகு தூள். கிட்டத்தட்ட எல்லாமும். கடைசிக்கு ஒரு சின்னக் கரண்டி மட்டும் போத்தலில் விட்டேன்.

11.25. இதை நின்றுகொண்டு எழுதுகிறேன். அடுப்பை நிறுத்திவிட்டேன்.

இறைச்சி போட்டு, நிறம் பிடித்து, சட்டி அடியில் கொஞ்சம் ஒட்டிற்று. ஒட்டினால் என்ன செய்வோம்? வலது கை போய் போத்தலை எடுத்து, சட்டியைச் சுற்றி ஒரு சுற்று. சர்ர் என்று ஆவி. மரக்கரண்டியால் அடியைச் சுரண்டினேன். நல்ல வாசம் என்றுகூட நினைத்தேன்.

பிறகுதான் கையைப் பார்த்தேன். சிவப்பு வைன்.

புதுச் சட்டி வாங்கினேன், பலகை வாங்கினேன், பார்மசானைப் பற்றி யோசித்தேன். அடுப்புக்கு வலது பக்கம் பத்து வருடமாக நிற்கிற போத்தல் கண்ணில் படவில்லை.

வியாழன் ஒத்திகையிலும் ஊற்றியிருப்பேன். அந்த ஆழமான ருசி! மடையன்.

11.40. வ. வந்து பார்த்தா. என் முகத்தைப் பார்த்தே அவவுக்கு விளங்கிவிட்டது.

"எவ்வளவு விட்டியள்?"

"ஒரு சுத்து."

"அது கொதிச்சு ஆவியாப் போயிடுமெல்லே?"

"கொஞ்சம் போகும். எல்லாம் போகாது. போனாலும் அது அவனுக்குக் கணக்கில்லை."

வ. சட்டிக்குள் எட்டிப் பார்த்தா. பிறகு மெல்லமாக: "இஞ்சேருங்கோ. ஆருக்குத் தெரியப்போகுது? அந்தப் பிள்ளை அரைச்ச கடைசித் தூள். இதைக் கொட்டினால் அந்த மனுசனுக்கு வேறை என்ன கிடக்கு? தெரியாமல் சாப்பிட்டால் அவருக்குப் பாவமில்லை. பாவம் எங்களுக்குத்தான். எடுப்பம்."

அவ கெட்டவ இல்லை. இரக்கத்தில் சொல்கிறா. அதுதான் கஷ்டம்.

12.05. மூன்று வழி.
ஒன்று, கொட்டுவது. மிச்ச இறைச்சியில் நான் அரைத்த தூளைப் போட்டு, அந்த ஒரு கரண்டியைத் தூவி, சபியாவின் சூகோ என்று வைப்பது. அதுவும் பொய்.
இரண்டு, பேசாமல் இருப்பது. அது எனக்கு நன்றாக வரும். பதினாலு வருடப் பழக்கம்.
மூன்று, சொல்வது. சொன்னால், புதன் போகிறவன் இந்த முகத்தோடு போவான்.

12.20. இரண்டாவதைச் செய்ய அடுப்பை மூட்டினேன். ஒளிப்பதற்கு என்ன? தக்காளியை விட்டேன், கிழங்கு போட்டேன், மூடினேன். கை தன் பாட்டில் வேலை செய்தது. அது வெட்கமாயிருந்தது.

12.50. கமகம என்று வீடு முழுக்க. கொரிடோர் வரைக்கும் போயிருக்கும். அந்தக் கடைசிக் கரண்டியைப் போடவில்லை. போத்தலை மூடிவைத்தேன். ஏன் போடவில்லை என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பி.ப. 5.00. எல்லாம் முடிந்தது. ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

ஹ. சரியாக ஒரு மணிக்கு வந்தான். கோட் சூட். நான் அவனைக் கோட்டில் கண்டதே இல்லை. வசந்திக்கு ஒரு பெட்டி பேரீச்சம்பழம். சப்பாத்தைக் கழற்றக் குனிந்தவன் அப்படியே நின்றான். நிமிரவில்லை. வாசம் பிடிக்கிறான் என்று விளங்கியது.

"அண்ணை" என்றான். "லிஃப்ற்றால வெளியில வரேக்கயே தெரிஞ்சுது. எங்கட வீடு மாதிரி. உள்ளுக்கு அவ நிக்கிற மாதிரி."

வசந்தி என்னைப் பார்த்தா. சொல்லாதேயுங்கோ என்று கண்ணால்.

இருத்தினோம். ஸ்பகெற்றியை வடித்தேன், நன்றாக அவியவிட்டு, அவன் கேட்டபடி. கோப்பையில் வைத்தேன். வாழைப்பழம், பச்சை மிளகாய். சூகோச் சட்டியைத் தூக்கி மேசையில் வைத்து அகப்பையை எடுத்தேன். அவன் வாய்க்குள் ஏதோ ஓதினான். பிறகு கோப்பையை என் பக்கம் நீட்டினான். கேட்கவில்லை. ஒரு கேள்வியும் இல்லை. என்னைப் பார்த்தான், அவ்வளவுதான்.

அகப்பை சட்டிக்கும் கோப்பைக்கும் நடுவில் நின்றது. சொட்டு ஒன்று மேசை விரிப்பில் விழுந்தது.

"ஹசன், இதில வைன் விழுந்திட்டுது. நான்தான் விட்டன். கைப்பழக்கத்தில. ஒரு சுத்து."

அவன் கோப்பையை இழுக்கவில்லை. மெல்ல மேசையில் வைத்தான். வசந்தி குசினிக்குள் போய்விட்டா.

"எல்லாத் தூளும் போட்டாச்சோ?"

"ஒரு கரண்டி மிச்சம்."

எழும்பிச் சட்டிக்கு மேலே குனிந்து நின்றான். கண்ணை மூடிக்கொண்டு, மூச்சை இழுத்து இழுத்து. எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

பிறகு திரும்பவும் இருந்தான். வெறும் ஸ்பகெற்றியில் வாழைப்பழத்தை வெட்டிப்போட்டு, பச்சை மிளகாயைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டான். கோப்பையைக் காலி பண்ணினான். நானும் அதையே சாப்பிட்டேன். பக்கத்து வீட்டு ரீவி மட்டும் கேட்டது.

தேத்தண்ணி குடிக்கும்போது மற்றதைச் சொல்வதாக இருந்தேன். தேத்தண்ணி வேண்டாம் என்றுவிட்டான். ஒரு நாளில் இரண்டைத் தாங்க எனக்கும் தெம்பில்லை.

போகும்போது போத்தலைக் கேட்டான். கொடுத்தேன். கோட்டுப் பையில் போட்டுக்கொண்டான். வாசலில் வைத்து, "கொட்டிப்போடாதேங்கோ அண்ணை. நீங்கள் ரெண்டு பேரும் சாப்பிடுங்கோ. அவவின்ர கை" என்றான்.

இரவு 9.00. சாப்பாடு அதுதான். வ. அழுதுகொண்டு சாப்பிட்டா. என் வாழ்க்கையில் வைத்த சூகோக்களில் இதுதான் திறம். இரண்டு வாய்க்குமேல் இறங்கவில்லை.

பெப்ரவரி 10, செவ்வாய்

மழையா ஸ்னோவா என்று தெரியாத ஒன்று.

வேலை. மரக்கறி வெட்டப் புது ஆள், கரட்டைக் கட்டை கட்டையாக வெட்டுகிறான். பால்பெட்டி பின்கதவடியில் வெறுமையாகக் கிடந்தது.

ஹசனுக்கு ஃபோன் எடுத்தேன். எடுக்கவில்லை. திரும்ப எடுத்தேன். மெசேஜ் எழுதினேன், அழித்தேன். அந்தச் சூப்பை ஃபோனில் எப்படி எழுதுவது.

வ. கேட்டா: "கோவமோ அவருக்கு?"

"தெரியேல்லை."

வீட்டு வைன் போத்தலைத் தூக்கிக் குப்பையில் போட்டேன். இப்போது போட்டு என்ன.

பெப்ரவரி 11, புதன்

மைனஸ் ஆறு. விமானம் எத்தனை மணிக்கு என்றுகூடக் கேட்டுவைக்கவில்லை.

பதினொன்றரைக்கு, கூட்டம் தொடங்க முதல், புது ஆள் வந்து பின்கதவில் ஒருவர் நிற்கிறார் என்றான். ஹசன். அதே கோட். கையில் அந்த வெள்ளி ரின். அவன் இருக்கிற டிக்சனில் இருந்து விமான நிலையம் பத்து நிமிடம். அங்கிருந்து இங்கே வருவதென்றால் ஒன்றேகால் மணித்தியாலம், திரும்பிப் போக இன்னொன்று.

"சாப்பிடுங்கோ" என்று ரின்னை நீட்டினான். "நேற்று நான் வைச்சது. அந்த ஒரு கரண்டியில."

பால்பெட்டியில் என்னை இருத்திவிட்டுப் பக்கத்தில் நின்றான். திறந்தேன். சூகோவும் ஸ்பகெற்றியும், எல்லாம் ஒன்றாகப் பிசைந்து. உப்புக் கூடிவிட்டது. இறைச்சி வேகவில்லை, கிழங்கு கரைந்துவிட்டது. முழுவதும் சாப்பிட்டேன். அடியில் எங்கோ அந்த வாசம், கொஞ்சமே கொஞ்சம்.

"ஹசன், இன்னொண்டு சொல்லவேணும். நீ வந்த முதல் கிழமை, ஒரு தக்காளி சூப்..."

"தெரியும்."

கரண்டி கையில் நின்றது.

"ரெண்டாவது வாயில தெரிஞ்சுது" என்றான். "எனக்கு அதுக்குக் கோவமில்லை. அவசரத்தில சொன்னனீங்கள். பிறகு வந்து சொல்லுவியள் எண்டு பாத்தன். சபியாவும் கொஞ்ச நாள், காலமை ரின் கட்டேக்க கேப்பா, அந்த அண்ணை சொன்னாரோ எண்டு. பிறகு கேக்கிறதை விட்டிட்டா."

பதினாலு வருடம் அவன் இதே பெட்டியில் இருந்து சாப்பிட்டது பக்தியால் மட்டும் இல்லை. நான்தான் அதைப் பகிடி பண்ணினேன். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். தமிழில்தான் வந்தது. விளங்கியிருக்கும்.

உள்ளே முதல் ஓடர் மணி அடித்தது. அவன் ரின்னை வாங்கி, ஸ்னோவால் துடைத்து, பைக்குள் வைத்தான். என் தோளில் கை வைத்தான், கழுவிக் கழுவித் தடித்துப்போன கை.

"இனி நீங்கள் தந்தால் கேக்காமல் சாப்பிடுவன், அண்ணை."

விமானம் ஐந்து நாற்பதுக்கு.